மச்சானுக்குப் பின்னால் நின்றவர்கள்

என் மச்சான் தன் கால்சட்டையின் இடுப்பைத் தானே சுருக்கிப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. தையல்காரன் தன் துணியைத் தானே பிடித்துக்கொள்வதில் அதிசயம் இல்லை. ஆனால் அந்த ஒரே கால்சட்டையை அவன் அந்த வருடம் முழுக்கப் பிடித்துக்கொண்டே இருந்தான். பின்பக்கத்துப் பைகள் இரண்டும் மெல்ல நகர்ந்து வந்து முதுகுத்தண்டுக்கு நேராகச் சந்தித்துக்கொண்டன. ஒன்றில் கைவிட்டால் மற்றதில் இருக்கும் சீப்பு வரும். மிகையில்லை, நானே எடுத்துத் தலை வாரியிருக்கிறேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. மனைவியை இழந்தவன், பிள்ளை இல்லாதவன். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, கண்ணாடிக் கதவு போட்ட சின்னக் கடையில், பழைய துணிகளைச் சுருக்கியும் நீட்டியும் கொடுப்பது அவன் தொழில். நான் ஓய்வு பெற்றதும் வீட்டில் என் தொல்லை தாங்காமல் என் மனைவி என்னைத் தினமும் அங்கே அனுப்பிவைத்தாள். நான் பொத்தான் தைப்பேன். நான் தைத்த பொத்தான் அறுந்ததில்லை, சட்டைதான் கிழியும்.

அவனுக்கு உடம்பு சரியில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. விட்டு விட்டுக் காய்ச்சல், ஆறாத வாய்ப்புண், இருமல். மனைவி போன பிறகு சில வருடங்கள் அவன் எங்கே போனான், யாரோடு இருந்தான் என்று அவன் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவில்லை. காய்ச்சலுக்குப் பார்த்த மருத்துவர், எதற்கும் எச்.ஐ.வி. பரிசோதனை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். தலையை ஆட்டிவிட்டு வந்தவன், அக்கா கேட்டபோது, எடுத்தாச்சு, ஒன்றுமில்லை என்றான்.

அன்று அவன் கை இரண்டும் மெஷினில் இருந்ததால் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டேன். என் மனைவி அப்போதுதான் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து அடுக்கைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வணக்கம் சார், நகர சுகாதார ஆய்வுலேர்ந்து பேசறேன். கொஞ்சம் கேள்வி கேக்கலாமா?" இளம் பெண்ணின் குரல்.

"கேளும்மா."

"வாரத்துல எத்தனை நாள் பழம் சாப்பிடுவீங்க?"

"எங்க அக்கா உரிச்சுக் குடுக்குற நாள்ல."

"நடைப்பயிற்சி உண்டா சார்?"

"நாள் பூரா மெஷின் மிதிக்கிறேன். அது நடையில சேருமா?"

"கேட்டுச் சொல்றேன் சார்." அந்தப் பெண் உண்மையாகவே யாரிடமோ கேட்டாள். சேராதாம். பிறகு புகை, தூக்கம், தனியாக இருக்கிறாரா, வயது என்ன என்றெல்லாம் கேட்டுவிட்டு, "கடைசியா ஒண்ணு சார். நீங்க எப்பவாவது எச்.ஐ.வி. பரிசோதனை எடுத்திருக்கீங்களா?" என்றாள்.

மெஷின் நின்றது. கரண்டியைக் கையில் பிடித்தபடி என் மனைவி தம்பியைப் பார்த்தாள். அவன் அக்காவைப் பார்த்தான்.

"எடுத்தாச்சும்மா. போன வருஷமே."

"ரொம்ப நன்றி சார். உங்க பதில் நிறையப் பேருக்கு உபயோகமா இருக்கும்."

அக்கா போன பிறகு நான் கேட்டேன். "நிஜமா எடுத்தியா மச்சான்?"

"நாள் முழுக்க ஊசியோட குடித்தனம் நடத்துறேன் அத்தான். ஆனா ஆஸ்பத்திரி ஊசியப் பாத்தா எனக்குக் கால் ரெண்டும் காஞ்ச துணி மாதிரி ஆடுது." நூலைப் பல்லால் கடித்தான். "அதுவும் இல்லாம, இருக்குன்னு சொல்லிட்டா? அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்? தெரியாம இருக்கற வரைக்கும் ஒண்ணுமில்ல."

"அந்தப் பொண்ணுகிட்ட பொய் சொல்லிட்டியே."

"ஃபோன்ல ஒருத்தன் சொல்ற பொய்யில என்ன குடியா முழுகிடும்?"

முழுகியது. கொஞ்ச நாள் ஆயிற்று, அவ்வளவுதான்.

என் மகள் நகர சுகாதார அலுவலகத்தில் இதே ஆய்வின் எண்களைக் கூட்டிக் கழிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஒரு விடுமுறை நாள் மதியம் நாங்கள் நால்வரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளே பேச்சை எடுத்தாள்.

"மாமா, ஒரு வேடிக்கை கேளுங்க. நம்ம பகுதியில ஐம்பது தாண்டின, தனியா இருக்கற ஆம்பளைங்க அத்தனை பேரும் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்துட்டாங்களாம். நூத்துக்கு நூறு."

"அத்தனை பேருமா?" என்றாள் என் மனைவி. "மேல் வீட்டு மனுஷன் முகம் கழுவவே ஆள் வச்சுச் சொல்லணும். அவனுமா?"

"அதுதான்மா வேடிக்கை. அந்த வகையில ஃபோன் எடுத்தது ஒரே ஒருத்தர். மத்த யாரும் எடுக்கல. ஃபோன் எடுக்காதவங்களுக்கெல்லாம் சேர்த்து எடுத்தவரையே ஆளா வச்சுப்போம். அவர் டெஸ்ட் எடுத்தாச்சுன்னா எல்லாரும் எடுத்தாச்சு. கணக்குல அவங்க எடை எல்லாம் அவர் தலையில."

"ஒரு ஆளை நம்பியா கணக்குப் போடறீங்க?" என்றேன்.

"போடக் கூடாதுப்பா. ஒரே ஆள் இருந்தா பக்கத்து வகையோட சேர்க்கணும். ஆனா எங்க மேலதிகாரிக்கு நூத்துக்கு நூறைப் பாத்ததும் சிரிப்பு நிக்கல. சேர்க்காதேன்னுட்டார். இப்ப, எல்லாரும் எடுத்தாச்சே, இந்தப் பக்கம் டெஸ்ட் ரூம் எதுக்குன்னு அதையும் மூடறாங்க. இந்த வாரத்தோட சரி."

"யாரு அந்த மகராசன்?" என்றாள் என் மனைவி.

"தெரியாதும்மா. ஆய்வுல பேர் கிடையாது."

மச்சான் வாயில் வைத்த கவளம் உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

மறுநாள் காலை முதல் ஆள் வந்தார்.

நல்ல வெயில். நான் பொத்தான் தைத்துக்கொண்டு இருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஓர் ஆள் நின்றார். ஐம்பதைத் தாண்டியிருப்பார். சலவை செய்த சட்டை. இடது கையை மட்டும் முழங்கைக்கு மேல் ஒழுங்காக மடித்துவிட்டிருந்தார். பேருந்துக்கு நிற்கிறார் என்று நினைத்தேன். பேருந்து வந்தது, போனது. அவர் கடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்து, "சட்டைக் கை சுருக்கணுமா?" என்று கேட்டேன். அவர் திரும்பவில்லை, கடைக்குள்ளேயே பார்த்தார். முகம் கண்ணாடிக்கு மிக அருகில் இருந்தது. மூச்சு விடுகிறார், நெஞ்சு ஏறி இறங்குகிறது. ஆனால் கண்ணாடியில் ஆவி படியவில்லை. என் மூச்சு படிந்திருந்தது. விரலால் அதில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துக்கொண்டேன்.

மதியத்துக்குள் பேருந்து நிறுத்தம் நிறைந்துவிட்டது. அடுத்த நாள் எதிர்ச் சாரி முழுக்க, வாரக் கடைசி வந்தபோது தெரு முழுக்க. ஒருவருக்கொருவர் சாயல் கிடையாது. குட்டை, நெட்டை, வழுக்கை, கண்ணாடி, ஒருவர் கையில் நாய்ச் சங்கிலி, நாய் இல்லை. எல்லோரும் ஆண்கள், எல்லோரும் அந்த வயது, எல்லோருக்கும் இடது கை மடித்திருந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை. மச்சான் இருமினால் தெரு முழுக்க ஒரு இருமல் போய்த் திரும்பும்.

கடையில் அளவு பார்க்கும் பெரிய கண்ணாடி உண்டு. அதில் மச்சானுக்குப் பின்னால் அவர்கள் கடைக்குள்ளேயே நிற்பதாகத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் துணிமூட்டைதான். அவன் அந்தக் கண்ணாடியின் மேல் ஒரு போர்வையைப் போட்டான். போர்வை சுவரை ஒட்டிக் கிடக்காமல், உள்ளிருந்து பல தோள்கள் தாங்குவது போலப் புடைத்து நின்றது.

"அத்தான், இவங்க யாரு?"

"உன் வாடிக்கையாளங்கன்னு நெனச்சேன்."

"விளையாடாதீங்க."

நான் விளையாடவில்லை. வெளியே போய், வரிசையில் முதலில் வந்த ஆளிடம், "என்ன வேணும் உங்களுக்கு?" என்றேன்.

அவர் வாயைத் திறக்கக் கொஞ்சம் சிரமப்பட்டார், பூட்டிக் கிடந்த வீட்டின் கதவைப் போல. "டெஸ்ட் எடுக்கக் கிளம்பினோம்," என்றார். "எங்களுக்கு முடிஞ்சிருச்சாம்."

"யார் சொன்னா?"

மடிக்காத கையை உயர்த்திக் கடைக்குள் காட்டினார். அவருக்குப் பின்னால் அத்தனை கைகளும் உயர்ந்தன.

அந்த நேரத்தில்தான் என் மனைவி சாப்பாட்டு அடுக்கோடு வந்து சேர்ந்தாள். கூடவே மகளும் இருந்தாள். அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு போட்டிருந்தாள். "விலகுங்கய்யா, சோறு ஆறுது," என்று அந்தக் கூட்டத்தை இடுப்பால் இடித்துக்கொண்டு வந்தாள் என் மனைவி. "என்ன இது, எல்லாம் ஐஸ்கட்டி மாதிரி ஜில்லுனு இருக்கானுங்க?"

மகள் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டாள். தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தாள். பிறகு கைப்பேசியை எடுத்து அலுவலகத்தில் யாரையோ அழைத்து மெதுவாகச் சொன்னாள். "நம்ம பகுதியில ஃபோன் எடுக்காத நம்பர் எல்லாம் இருக்குல்ல, அதை ஒரு தடவை மறுபடி அடிக்க விடு."

சில நொடிகள் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சட்டைப்பை ஒலித்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. எதிர்ச் சாரி, மூலைக் கடை, பேருந்து நிறுத்தம் என்று பரவி, தெரு முழுக்கப் பைகள் ஒலித்தன. பாட்டு, மணி, குழந்தைச் சிரிப்பு, சேவல் கூவல். ஒருவர் கூடப் பைக்குள் கை விடவில்லை. கண்ணிமைக்காமல் நின்று ஒலித்தார்கள்.

"அப்பா," என்றாள் மகள், என் சட்டையைப் பிடித்துக்கொண்டு. "இவங்கதான் ஃபோன் எடுக்காதவங்க."

பிறகு கடைக்குள் பார்த்தாள். மச்சான் மெஷினுக்குப் பின்னால் பாதி ஒளிந்திருந்தான். அவள் என்ன கெட்டிக்காரி என்பதை நான் சொல்லக் கூடாது, என் மகள். "மாமா, ஃபோன் எடுத்தது நீங்கதானே?"

என் மனைவி அடுக்கைக் கீழே வைத்தாள். அவள் எதையும் மெதுவாகக் கீழே வைத்தால் வீட்டில் எல்லோரும் எழுந்து நிற்பது வழக்கம்.

"டேய். அன்னைக்கு என்னைப் பாத்துக்கிட்டே சொன்னியே. எடுத்தியா, இல்லையா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வெளியே அத்தனை தலைகளும் குனிந்தன.

"எதுக்குடா எங்கிட்ட மறைச்சே?"

"இருந்துட்டா, நீ என்னை எப்படிப் பாப்பேன்னுதான் அக்கா."

"இப்பப் பாக்கற மாதிரிதான் பாப்பேன். இதவிடக் கேவலமா பாக்க எனக்குத் தெரியாது." அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே அதை ஒட்டிக்கொண்டாள். "காய்ச்சக்காரன் முகத்துல எல்லாம் முழிக்க மாட்டேன்னு இருந்தா, இந்த வீட்ல யாருக்குடி சோறு போட்டிருப்பேன்? நீ சொல்லு."

மகளிடம் கேட்டாள். மகள் தன் மாமாவின் அருகே போய் உட்கார்ந்தாள். "மாமா, ஆய்வுல சொன்ன பதிலை மாத்த முடியாது. எண்ணு மேலிடத்துக்குப் போயாச்சு. ரூம் இன்னைக்குச் சாயங்காலத்தோட மூடிடுவாங்க. அப்புறம் இவங்க எங்க போனாலும், 'உங்களுக்கு எடுத்தாச்சு'ன்னு இவங்களைத் திருப்பி அனுப்பிடுவாங்க."

"நான் என்னம்மா செய்யணும்?"

"சொன்னதை உண்மையாக்குங்க."

அவன் மெஷினைப் பிடித்துக்கொண்டான். நான் ஒரு கையையும் என் மனைவி ஒரு கையையும் பிடித்து எழுப்பினோம். தூக்கும்போதுதான் அவன் எவ்வளவு இளைத்திருக்கிறான் என்பது தெரிந்தது. என் மனைவி ஒரு கையாலேயே தூக்கிவிட்டாள். மறு கையால் அவன் சட்டைக் கையை மடித்துவிட்டாள், மறுபக்கம் திரும்பிக்கொண்டு.

சுகாதார நிலையம் இரண்டு தெரு தள்ளி. நாங்கள் முன்னால் நடந்தோம், அவர்கள் பின்னால். அவ்வளவு செருப்புகளுக்கு ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. மச்சானின் செருப்புச் சத்தம். பேருந்து ஓட்டுநர்கள் எங்களுக்காக நிறுத்தினார்கள். யாரோ பெரிய மனிதர் செத்துவிட்டார் என்று நினைத்து ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

பரிசோதனை அறையில் பாதிப் பொருளைப் பெட்டியில் கட்டியிருந்தார்கள். சுவரில் கடிகாரம் இருந்த இடத்தில் வெள்ளை வட்டம். நர்ஸம்மா பருமனான பெண்மணி, நாற்காலியை விட்டு எழுந்திருக்க நியாயமான காரணம் கேட்கிற ரகம். தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தவர், "கடவுளே," என்றார். "ஒரு மாசமா ஈ காக்கா எட்டிப் பாக்கல. மூடற அன்னைக்கு ஊரே திரண்டு வந்திருக்கே. இவ்வளவு பேருக்கு எங்கிட்ட கிட் இல்ல."

"இவன் ஒருத்தன் போதும்மா," என்றேன். "எல்லாருக்கும் பதிலாத்தான் வந்திருக்கான்."

"ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் குத்திக்க முடியாது ஐயா."

"குத்திப் பாருங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மச்சானை உட்காரவைத்தார். என்ன சோதனை, எதற்கு, முடிவு யாருக்கும் தெரியாது, உங்களுக்கு மட்டும்தான் என்று பொறுமையாகச் சொல்லிச் சம்மதம் கேட்டார். அவன் சம்மதித்தான், நாங்களும் கூடவே இருக்கட்டும் என்றான். பிறகு மடித்த கையைப் பார்த்துச் சிரித்தார். "இது எதுக்கு? விரல் நுனியில ஒரு சொட்டு போதும். நெஞ்சுல ஈட்டி எறியப் போறேன்னு நெனச்சீங்களா?"

மச்சான் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். தாழ்வாரத்தில் துணி சரசரத்தது. பெரிய மரம் ஒன்று இலைகளைத் திருப்பிக்கொண்ட மாதிரி.

குத்தினார். அவன் 'ஸ்' என்றான். தாழ்வாரம், படிக்கட்டு, வாசல், தெரு என்று அந்த 'ஸ்' நீண்டு போய் எங்கேயோ முடிந்தது. நான் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொருவரும் இடது கை மோதிர விரலைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு நுனியிலும் ஒரு சிவப்புப் பொட்டு.

நர்ஸம்மாவும் பார்த்தார். தன் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார். பஞ்சுப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்தார். நான் பஞ்சை வினியோகித்துக்கொண்டு படிக்கட்டு வரை போனேன். பொட்டலம் தீரவில்லை. அது எப்படி என்று என்னைக் கேட்கக் கூடாது. நான் கடையில் பொத்தான் தைக்கிறவன்.

பிறகு காத்திருந்தோம். வெள்ளைப் பட்டையில் ரத்தம் மெல்ல ஏறியது. ஒரு கோடு தெரிந்தால் இல்லை, இரண்டு தெரிந்தால் இருக்கிறது, என்றார் நர்ஸம்மா. என் மனைவி தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முழங்காலில் கை வைத்திருந்தாள். அவன் பட்டையைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்தான்.

தாழ்வாரத்தில் ஒருவர் எழுந்தார். சட்டைக் கையின் பொத்தானைப் போட்டார். வாசலுக்குப் போனார். அவருடைய பை ஒலித்தது. அவர் பைக்குள் கைவிட்டு எடுத்து, "ஹலோ," என்றார். "ஆமாம்மா. எடுத்தாச்சு. இன்னைக்குத்தான்." பேசிக்கொண்டே பேருந்தில் ஏறிப் போய்விட்டார். அடுத்தவர் எழுந்தார். பிறகு கூட்டம் கூட்டமாக எழுந்தார்கள். தெரு முழுக்க 'ஹலோ, ஹலோ' என்ற சத்தம். படிக்கட்டில் வெயில் தெரிய ஆரம்பித்தது.

ஆனால் சிலர் எழுந்திருக்கவில்லை. சுவரோரத்து நீளப் பெஞ்சில் அங்கங்கே உட்கார்ந்தபடியே இருந்தார்கள். கூட்டம் போன பிறகு ஒருவரோடு ஒருவர் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள். ஒருவரும் மச்சானைப் பார்க்கவில்லை. சுவரில் கடிகாரம் இருந்த வெள்ளை வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மச்சானும் அவர்களில் ஒருத்தன் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ரெண்டு கோடு," என்றார் நர்ஸம்மா, கேலி எதுவும் இல்லாமல். "வேற கிட்ல இன்னொரு தடவை பாத்து உறுதி பண்ணிடலாம்." பார்த்தார்கள். உறுதியானது.

மச்சானின் முகம் பஞ்சு போலாகிவிட்டது. "எத்தனை நாள்?" என்றான்.

"எதுக்கு எத்தனை நாள்? தினமும் ஒரு மாத்திரை. நாளைக்கே டாக்டரைப் பாருங்க. விடாம போட்டா கிழவனாகி எல்லாரையும் படுத்துற வரைக்கும் இருப்பீங்க. விட்டாத்தான் வம்பு."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் முதலில் அவன் முதுகில் ஓர் அறை விட்டாள். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் முன்னால் குனிந்து நிமிர்ந்தார்கள். பிறகு அவன் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். எல்லோருடைய தலையும் ஒரே பக்கமாகச் சாய்ந்தது, அங்கே யாருடைய தோளும் இல்லாவிட்டாலும்.

ஃபோனை எடுத்தவர்கள் எல்லாம், இன்றைக்குத்தான் எடுத்தோம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டதால் பழைய நூற்றுக்கு நூறு செல்லாமல் போய், ஆய்வுப் பிரிவில் எண்களைத் திரும்பக் கூட்ட வேண்டிவந்தது. மேலதிகாரியின் சிரிப்பு நின்றது, அறை மூடப்படவில்லை. கட்டிய பெட்டிகளைப் பிரிக்க நர்ஸம்மா எழுந்திருக்கவேண்டியதாயிற்று. அந்த வருத்தம் அவருக்கு இன்றும் உண்டு.

மச்சானுக்குக் காய்ச்சல் போய்விட்டது. மாத்திரை சாயங்காலம், விளக்குப் போடும் நேரத்தில். பெஞ்சில் இருந்த அந்தச் சிலர் அந்த நேரத்துக்குக் கடை வாசலுக்கு வந்துவிடுவார்கள். உள்ளே வருவதில்லை. வாடிக்கையாளர்களுக்கு இடைஞ்சல் எதுவும் இல்லை.

போன வாரம் ஒரு நாள் வேலை குவிந்து கிடந்தது. அவன் மாத்திரையை மறந்து குனிந்து தைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக் கதவில் விரல் நுனியால் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு விரல் இல்லை, பல விரல்கள், மழை தூறுவதைப் போல.

"வர்றேன், வர்றேன்," என்றான் மச்சான். "அக்காவை மிஞ்சிடுவீங்க போல."

எழுந்து மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீரைக் குடித்தான். அவன் விழுங்கினான். வெளியே பல தொண்டைகள் ஏறி இறங்கும் சத்தம், நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த இடம் வரைக்கும் தெளிவாகக் கேட்டது.